தொப்புள் உள்ள மீன்



தலைப்பைப் பார்த்துவிட்டு மொக்கை ஜோக் என்று ஓடிவிட வேண்டாம். நிஜமாகவே தொப்புள் உள்ள மீன் ஒன்று இருக்கிறது. நம்ம ஊர் மீன் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. உங்களில் பாதிப் பேர் அதைப் புட்டு செய்து ஒரு பிடி பிடித்திருப்பீர்கள். ஆமாம், சுறாதான்.

"பி.காம் படிக்கிறவனுக்குச் சுறா எதுக்குடா?" என்று என் வகுப்புத் தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காரணம் வீட்டிலேயே இருக்கிறது. பிரசவத்துக்காக அக்கா ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பெண் குழந்தை. குழந்தை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே அம்மா சுறா புட்டு பேச்சை எடுத்துவிட்டார். அக்கா வேண்டாம் என்றாள். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அக்கா, நடுவில் பை தூக்கிக்கொண்டு மார்க்கெட் போகிறவன் நான். யார் சொல்வது சரி என்று பார்க்கலாமே என்று படிக்க ஆரம்பித்தேன். அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கதை கீழே வரும். அதற்கு முன்னால் இந்த மீனின் உடம்பைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். உடம்பு புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

எலும்பே இல்லாத உடம்பு

உங்கள் காது மடலைத் தொட்டு மடக்கிப் பாருங்கள். வளையும், விட்டால் பழைய இடத்துக்கே வரும். அதற்குப் பெயர் குருத்தெலும்பு. சுறா, திருக்கை, உழுவை, வேளா எல்லாவற்றின் எலும்புக்கூடும் முழுக்க முழுக்க இதுதான். அதனால்தான் இவற்றைக் குருத்தெலும்பு மீன்கள் என்று ஒரே குடும்பக் கணக்கில் சேர்க்கிறார்கள். வஞ்சிரம், மத்தி, சங்கரா எல்லாம் வேறு கணக்கு. அவை எலும்பு மீன்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பள்ளிச் சுற்றுலாவில் வாய் பிளந்து பார்த்திருப்பீர்கள். திமிங்கலம் பாலூட்டி, அதற்கு நம்மைப் போல நிஜ எலும்பு. சுறா செத்தால் அப்படி ஒரு கூடு மிஞ்சாது. குருத்தெலும்பு சீக்கிரம் மக்கிப்போகும். பெரும்பாலும் மிஞ்சுவது பல் மட்டும்தான்.

அந்தப் பல் எங்கே கிடைக்கிறது தெரியுமா? பெரம்பலூர் மாவட்டம் காரையில். இன்று மழையே அபூர்வமான செம்மண் மேடு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அது கடல். அங்கே பாறைப் படிவுகளிலிருந்து ஆய்வாளர்கள் சுறாப் பற்களை எடுத்திருக்கிறார்கள். என் வகுப்பில் அரியலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். "எங்க ஊர்ல கடல் இல்லைன்னு யார்றா சொன்னது, வந்தது கொஞ்சம் சீக்கிரம், அவ்வளவுதான்" என்பான் :-)

சரி, எலும்பு இல்லாததால் என்ன லாபம்? எங்கள் பாஷையில் சொன்னால் செலவுக் குறைப்பு. குருத்தெலும்பின் அடர்த்தி எலும்பில் ஏறத்தாழ பாதிதான். உடம்பு லேசாகிறது, நன்றாக வளைகிறது. "அப்போ கடிக்கும்போது தாடை வளைஞ்சுடாதா?" என்றால், அதற்கும் வழி இருக்கிறது. குருத்தெலும்பின் மேல்பரப்பில் சுண்ணாம்புச் சத்தால் ஆன குட்டிக் குட்டிச் சில்லுகள், தரையில் டைல்ஸ் பதித்த மாதிரி ஒட்டியிருக்கும். உள்ளே வளையும், வெளியே விறைப்பாக இருக்கும்.

எலும்பு மீன்களுக்கு வயிற்றில் ஒரு காற்றுப்பை உண்டு. மூழ்காமல் மிதக்க அது உதவும். சுறாவுக்கு அது கிடையாது. அதற்குப் பதில் பெரிய ஈரல், அது நிறைய எண்ணெய். எண்ணெய் தண்ணீரைவிட லேசு அல்லவா? சில இனங்களில் ஈரல் மட்டுமே உடல் எடையில் கால் பங்கு வரை இருக்கும். இந்த எண்ணெய்க்காகவே மனிதன் காலங்காலமாகச் சுறாவை வேட்டையாடியிருக்கிறான். அதை மிதக்க வைத்த சரக்கே அதற்கு வினையாகவும் ஆனது.

உடம்பெல்லாம் பல்

சுறாவின் தோலைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் வழவழப்பு. வாலிலிருந்து தலைப் பக்கம் தடவினால் உப்புத்தாள். தோலில் இருப்பது சாதாரணச் செதில் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பல். வாயில் இருக்கும் பல்லைப் போலவே உள்ளே கூழ், நடுவில் பல்திசு, மேலே எனாமல் போன்ற பூச்சு. ஆக, சுறாவுக்கு உடம்பு முழுக்கப் பல்!

அந்தக் காலத்துத் தச்சர்கள் இந்தத் தோலை வைத்தே மரத்தை இழைத்தார்கள். தண்ணீரின் இழுவையைக் குறைக்க இந்தப் பற்கள் உதவுகின்றன என்பதைப் பார்த்து, 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஸ்பீடோ கம்பெனி சுறாத்தோல் பாணி நீச்சலுடையை இறக்கியது. நம் வீட்டு அம்மாக்களுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. கொதிநீரில் ஒரு கொதி விட்டு, தேங்காய் நார் வைத்துத் தேய்த்தால் அந்தத் தோல் மணல் மணலாகக் கழன்று வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வாய்ப் பல் விஷயத்தில் சுறா எங்கள் கணக்குப்பதிவியல் வாத்தியாருக்குப் பிடித்த நிறுவனமாக இருக்கும். தேய்மானத்துக்கு ஒதுக்கீடு எப்போதும் தயார். முன்வரிசைப் பல் விழுந்தால் பின்வரிசைப் பல் முன்னே வந்து உட்காரும். அதற்கும் பின்னால் இன்னொரு வரிசை. ஆயுளுக்குள் ஆயிரக்கணக்கில் பல் மாற்றும் இனங்கள் உண்டு. நமக்குப் பால் பல் விழுந்தபிறகு ஒரே ஒரு செட். அதிலும் நான் ஒன்றை அடைத்திருக்கிறேன்.

வேளா மீனைப் பார்த்திருக்கிறீர்களா? மூக்கு ரம்பம் போல நீண்டு, இரண்டு பக்கமும் பல் பல்லாக இருக்கும். அந்த ரம்பப் பற்களும் தோல் பற்களின் உறவுதான். பார்க்கச் சுறா மாதிரி இருந்தாலும் வேளா திருக்கை வகையைச் சேர்ந்தது. பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. முழுநிலா நாளில் கடலுக்குப் போகாத பரதவர்கள், சினையாக இருந்த சுறாவின் கொம்பை நட்டுவைத்துத் தெய்வமாக வழிபடுகிறார்கள். கொம்புள்ள சுறா என்பது வேளாதான் என்பது பலரின் கருத்து. இந்தக் 'சினை' என்ற வார்த்தையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

(கொசுறு: தூய தமிழ் மாதப் பெயர் சொல்பவர்கள் தை மாதத்தைச் 'சுறவம்' என்பார்கள். மகர ராசிதான் சுறவம். பொங்கல் வைப்பதே சுறா மாதத்தில்!)

சுறாவா, திருக்கையா?

மார்க்கெட்டில் உழுவையைப் பார்த்தால் குழம்பிவிடுவோம். பின்பக்கம் சுறா, முன்பக்கம் தட்டை. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. செவுள் பிளவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எலும்பு மீனுக்குச் செவுளை ஒரு மூடி மூடியிருக்கும். மீன் புதுசா என்று நாம் தூக்கிப் பார்ப்போமே, அது. குருத்தெலும்பு மீன்களில் சுறாவுக்கும் திருக்கைக்கும் மூடி கிடையாது, திறந்த பிளவுகள்தான். பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்துக்கு ஐந்து. அந்தப் பிளவுகள் தலையின் பக்கவாட்டில் இருந்தால் சுறா. அடியில், வயிற்றுப் பக்கமாக இருந்தால் திருக்கை வகை. இந்தக் கணக்குப்படி உழுவையும் திருக்கைதான்.

திருக்கை கடல் தரையில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். வாயும் செவுளும் கீழே இருக்கும்போது மூச்சு விட்டால் மணல்தானே உள்ளே போகும்? அதற்குத்தான் கண்ணுக்குப் பின்னால் இரண்டு ஓட்டைகள். அதன் வழியே தண்ணீர் இழுத்துக் கீழே விடும். வாலில் இருக்கும் முள்ளும் மாற்றம் பெற்ற தோல் பல்தான். ரம்ப ஓரம், கூடவே விஷம். முதலைகளோடு விளையாடிய ஸ்டீவ் இர்வின் 2006 செப்டம்பரில் இறந்தது இந்த முள் நெஞ்சில் பாய்ந்துதான். ஆனால் திருக்கை தானாக வந்து யாரையும் தாக்குவதில்லை. மிதித்தால், மடக்கினால் வாலைச் சுழற்றும்.

மூக்கில் ஒரு வோல்ட்மீட்டர்

சுறாவின் மூக்கைச் சுற்றிக் கறுப்புப் புள்ளி வைத்த மாதிரி சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே ஜெல்லி. 1678-இல் ஸ்டெபானோ லொரென்சினி என்ற இத்தாலியர் இவற்றை விவரித்து எழுதினார். எதற்கு இவை என்பது 1960-களில்தான் தெளிவானது. இவை மின்சாரத்தை உணரும் உறுப்புகள்.

எந்த உயிரின் தசை அசைந்தாலும் ஒரு துளி மின்சாரம் எழும். இதயம் துடித்தாலும் எழும். மணலுக்குள் மூச்சைப் பிடித்து ஒளிந்திருக்கும் மீனை இருட்டில் சுறா கண்டுபிடிப்பது இப்படித்தான். சில இனங்கள் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட்டில் 20 கோடியில் ஒரு பங்கு அளவு மின்சாரத்தைக்கூட உணர்கின்றன. கொம்பன் சுறாவின் தலை அகலமாக இருப்பதால் அதிக இடத்தில் இந்தத் துளைகள். மெட்டல் டிடெக்டரை வைத்துத் தரையைத் துழாவுகிற மாதிரி தலையை ஆட்டி ஆட்டிப் போகும்.

இன்னொரு விஷயம், சாப்பாட்டு நேரமாக இருந்தால் மன்னிக்கவும். சுறாவுக்கு மூத்திர வாடை அடிக்கும் என்பார்கள். உண்மைதான். உப்புக் கடலில் உடம்பின் தண்ணீர் வெளியே போய்விடாமல் இருக்கச் சுறா யூரியாவை ரத்தத்திலும் சதையிலும் சேமித்து வைக்கிறது. செத்தபிறகு பாக்டீரியா அதை அம்மோனியாவாக மாற்றிவிடும். வாடை தூக்கலாக இருந்தால் மீன் பழசு என்று பொருள். எங்கள் அம்மா முகர்ந்து பார்த்தே நாள் சொல்லிவிடுவார்.

தொப்புளுக்கு வருவோம்

அம்மா உத்தரவுப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சைதாப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். வாங்கத் தீர்மானித்துப் போகவில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மீன்காரம்மா முகத்தைப் பார்த்ததும், "இன்னா தம்பி, வீட்ல புள்ள பெத்துக்கினாங்களா?" என்றார். எப்படித் தெரிந்தது என்றால், "காலைல ஆம்பளப் பசங்க தனியா வந்து பால் சுறா கேட்டா வேற இன்னாவாம்?" என்று சிரித்தார். கூடையில் முழ நீளத்தில் நாலைந்து சாம்பல் நிறக் குட்டிகள். ஒன்றைத் திருப்பிப் போட்டார். வெள்ளை வயிறு. இரண்டு பக்கத் துடுப்புகளுக்கும் நடுவில் ஒரு சின்னக் கீறல், ஆறிக்கொண்டிருக்கும் காயம் மாதிரி.

"இது என்னம்மா வெட்டு?"

"வெட்டு இல்ல தம்பி. தொப்புளு. குட்டி போட்டு ரொம்ப நாளாவல."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பால் சுறா முட்டையிடுவதில்லை. வயிற்றுக்குள் குட்டியைச் சுமக்கிறது. முதலில் முட்டையின் மஞ்சள் கருவைத் தின்று வளரும் குட்டிக்கு, பிறகு அந்த மஞ்சள் கருப் பையே தாயின் கருப்பைச் சுவரோடு ஒட்டி நஞ்சுக்கொடி ஆகிவிடும். தொப்புள்கொடி வழியாகச் சாப்பாடு போகும். ஏறத்தாழ ஒரு வருடம் சுமை. நம்மைவிட இரண்டு மாதம் கூடுதல். ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 குட்டிகள். பிறந்த குட்டியின் வயிற்றில் கொடி அறுந்த வடு இருக்கும், கொஞ்ச நாளில் ஆறிவிடும்.

இந்தக் குடும்பத்தில் பிரசவ முறையே விதவிதம். சில இனங்கள் தோல்பை மாதிரி உறைக்குள் முட்டை வைத்துவிட்டுப் போகும். திருக்கையின் கருப்பைச் சுவரிலிருந்து பால் போன்ற சத்துநீர் சுரக்கும், குட்டி உள்ளேயே அதைக் குடித்து வளரும். பார்த்தால், நிஜமாகப் 'பால்' கொடுப்பது திருக்கை. பெயரை வாங்கிக்கொண்டது சுறா! வேளாக் குட்டி பிறக்கும்போது ரம்பத்தின் மேல் ஒரு உறை போட்டுக்கொண்டு பிறக்கும், அம்மா வயிற்றைக் கிழிக்காமல் இருக்க. இதைப் படித்த அன்று அக்காவிடம் சொன்னேன். "உன்னைப் பெத்தப்போ அம்மாவுக்கு அந்த வசதி இல்லையே" என்றாள் :-(

அம்மா கட்சி, அக்கா கட்சி

பால் சுறா சாப்பிட்டால் தாய்ப்பால் ஊறும் என்பது நம்மிடம் தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. ஆங்கிலத்திலும் இந்த மீனுக்குப் 'பால் சுறா' என்றுதான் பெயர். அந்தப் பெயரே இந்தியாவின் இந்த நம்பிக்கையிலிருந்து போனதுதான். நம்ம ஊர் பிள்ளை பெற்றவள் சாப்பாடு, உலக அறிவியல் புத்தகத்தில் ஏறிவிட்டது.

அம்மாவின் வாதம் எளிமையானது. "உங்க ரெண்டு பேருக்கும் இதச் சாப்ட்டுத்தான்டா பால் குடுத்தேன். ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கீங்க?" இதற்கு எதிர்வாதம் செய்ய நான் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும். அதோடு சுறா புட்டு சாதாரணச் சாப்பாடு இல்லை. வேகவைத்து உதிர்த்த சதை, கை நிறையப் பூண்டு, சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை. முள் குத்தாது. காரணம் மேலே சொன்ன அதே குருத்தெலும்புதான். புரதம் நிறைய. பிள்ளை பெற்ற உடம்புக்கு ஒருத்தி உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்து போடும் சாப்பாடு அது. அதில் இருக்கும் அக்கறையை எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் அளக்க முடியாது.

அக்காவின் வாதம் பாதரசம். அவளுக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மா, பால் கொடுக்கும்வரை பெரிய கொன்றுதின்னி மீன்களைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார். காரணம் கூட்டு வட்டிதான். தொழிற்சாலைப் புகையிலும் கழிவிலும் இருந்து கடலுக்குப் போகும் பாதரசம், நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறுகிறது. அதைச் சின்ன மீன் சாப்பிடும். சின்ன மீனைப் பெரிய மீன் சாப்பிடும். பெரிய மீனைச் சுறா சாப்பிடும். ஒவ்வொரு படியிலும் அசலோடு வட்டி சேர்ந்துகொண்டே போகும். சுறா பல வருடம் வாழ்வதால் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். வளரும் குழந்தையின் மூளைக்கும் நரம்புக்கும் மெத்தில் பாதரசம் கெடுதல். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டிய மீன்கள் என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை வைத்திருக்கும் பட்டியலில் சுறா இருக்கிறது. அதே துறை நல்லது என்று சொல்லும் பட்டியலில் மத்தியும் நெத்திலியும் இருக்கின்றன. சுறா தின்றால் பால் கூடும் என்பதற்கோ உறுதியான மருத்துவச் சான்று கிடையாது.

பால் சுறா சின்ன இனம். சாதாரணமாக ஒரு மீட்டரைச் சுற்றித்தான் வளரும். பெரிய சுறாக்கள் அளவுக்கு அதில் பாதரசம் சேர வாய்ப்புக் குறைவு. இதை நான் அம்மா கட்சிக்காகவும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் மார்க்கெட்டில் தலையும் வாலும் போய்த் துண்டமாகக் கிடப்பது எந்தச் சுறா என்று யார் சொல்வது?

கடைசியில் அக்கா ஒரு வழி சொன்னாள். "மசாலா உன்னுது, மீன் என்னுது." அம்மா அதே பூண்டு, அதே மிளகு, அதே கைப்பக்குவத்தில் நெத்திலி செய்து போட்டார். முகத்தில் அவ்வளவு திருப்தி இல்லை. "நெத்திலிய உதுத்தா புட்டா வரும்?" என்று இரண்டு நாள் முனகினார். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது. அந்தப் பெருமை யாருக்கு என்று எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

முதலைத் தின்னும் வியாபாரம்

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு சமையல் குறிப்பு. ஆனால் அந்தத் தொப்புள் என்னை விடவில்லை.

முதலாம் ஆண்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், முதலையும் லாபத்தையும் பிரித்துப் பார். லாபத்தைச் சாப்பிடலாம். முதலைச் சாப்பிட்டால் கடை மூடிவிடும். மத்தி ஒரு பருவத்துக்குப் பல ஆயிரம் முட்டை இடும், ஓரிரு வருடத்தில் வளர்ந்துவிடும். மளிகைக் கடை மாதிரி, விற்றுமுதல் வேகம். சுறா அப்படி இல்லை. மெதுவாக வளரும், தாமதமாகப் பருவத்துக்கு வரும், நீண்ட நாள் சுமந்து நாலு குட்டி போடும். எதிரி குறைவு, உடம்பு வலிமை, பல் போனால் பல். அதனால் நாலு குட்டி போதுமாக இருந்தது. டைனோசர்களுக்கு முன்பிருந்தே, 40 கோடி ஆண்டுகளாக, இந்தக் கணக்கு நஷ்டம் இல்லாமல் ஓடியது. விசைப்படகு வலை வந்தபோது அதே கணக்கு கவிழ்ந்தது. ஒரு சினைச் சுறாவைப் பிடித்தால் முதல், வட்டி இரண்டும் ஒரே கூடையில் போய்விடுகிறது.

2021-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வின்படி, 1970-க்குப் பிறகு திறந்த கடல் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 சதவீதம் குறைந்திருக்கிறது. மனிதர்கள் பிடித்துக் கொல்லும் சுறாக்கள் ஆண்டுக்குச் சுமார் 8 கோடி என்பது இன்னொரு மதிப்பீடு. சுறா கடித்துச் சாகும் மனிதர்களை எண்ணப் பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டு கை விரல் போதும். யார் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2001 ஜூலையில் எல்லாச் சுறா, திருக்கைகளையும் வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்தார்கள். மீனவர்கள் கொதித்தார்கள். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பகுதிக்காரர்களை நினைத்துப் பாருங்கள். ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். 2017 ஒக்கிப் புயலில் எத்தனையோ பேரைக் கடலுக்குக் கொடுத்த ஊர்கள். அவர்களிடம் போய் "நாளையிலிருந்து பிடிக்காதே" என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியுமா? 2001 டிசம்பரிலேயே தடை 10 இனங்களாகச் சுருங்கியது. 2015 பிப்ரவரியில் சுறாத் துடுப்பு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில், பால் சுறா அடங்கிய குடும்பம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள்.

அந்த 2001 பட்டியலின் 10 இனங்களில் ஒன்றின் பெயர் பாண்டிச்சேரி சுறா. நம்ம பாண்டிச்சேரிதான்! 1839-இல் விலங்கியலாளர்கள் அதை விவரித்துப் பெயர் வைத்தார்கள். உலக அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து இருப்பது சுமார் 20 மாதிரிகள். கடலில் அதைப் பார்ப்பது அரிதிலும் அரிது. வேளாக்களும் இதே பட்டியலில் இருக்கின்றன. பரதவர்கள் கொம்பை நட்டுக் கும்பிட்ட மீன், இன்று வலையில் ஒன்று விழுந்தால் செய்தியாகிறது.

எங்கள் ஊர்ப் பெயரில் 'தாங்கல்' இருக்கிறது. தாங்கல் என்றால் சின்ன ஏரி. நான் பிறந்ததிலிருந்து அந்த ஏரியைப் பார்த்ததில்லை. மெட்ரோ ரயிலைத்தான் பார்க்கிறேன். பெயர் மட்டும் மிஞ்சுவது எப்படி இருக்கும் என்று ஈக்காட்டுத்தாங்கல்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மகள் வந்திருக்கிறாள்

முடிப்பதற்கு முன் ஒரு நல்ல செய்தி. குஜராத் கடற்கரைக்குத் திமிங்கலச் சுறா வரும். பெயரில்தான் திமிங்கலம். உண்மையில் அது சுறா, உலகின் மிகப் பெரிய மீன். வாயைத் திறந்து தண்ணீரை வடிகட்டி மிதவை உயிர்களைச் சாப்பிடும் சாது. 2001 வரை ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் அங்கே அதை வேட்டையாடினார்கள். சட்டம் வந்தது. சட்டத்தை மட்டும் நீட்டியிருந்தால் திருட்டுத்தனமாக வேட்டை தொடர்ந்திருக்கும்.

2004-இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் குஜராத் வனத்துறையும் டாடா கெமிக்கல்ஸும் சேர்ந்து ஒரு பிரச்சாரம் தொடங்கின. ராமகதை சொல்லும் மொராரி பாபுவை அழைத்துவந்தார்கள். அவர் மீனவர்களிடம் சட்டம் பேசவில்லை. இந்தச் சுறா, தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வரும் மகள் என்றார். வீட்டுக்கு வந்த மகளை யாராவது வெட்டுவார்களா? அதற்குப் பிறகு வலையில் திமிங்கலச் சுறா சிக்கினால் மீனவர்களே விலையுயர்ந்த வலையை அறுத்து அதை வெளியே விட ஆரம்பித்தார்கள். அறுத்த வலைக்கு வனத்துறை நஷ்ட ஈடு கொடுத்தது. இப்படிப் பிழைத்தவை நூற்றுக்கணக்கில்.

எனக்கு இதில் பிடித்தது இரண்டு. ஒன்று, மீனவனை வில்லனாக்காமல் அவன் வலைக்குக் காசு கொடுத்தது. வணிகவியல் மாணவனாக இதற்குத் தனியாக ஒரு கைத்தட்டு. இரண்டாவது, அந்த ஒற்றை வார்த்தை. நாம் ஒரு சுறாவுக்குப் 'பால்' என்று அது நமக்குத் தருவதை வைத்துப் பெயர் வைத்தோம். அவர்கள் 'மகள்' என்று அது யார் என்பதை வைத்துப் பெயர் வைத்தார்கள். சினைச் சுறாவின் கொம்பைக் கும்பிட்ட நம் பழைய பரதவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாகவே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

யாரையும் சுறாவை நிறுத்து என்று சொல்ல எனக்கு வயதும் இல்லை, அதிகாரமும் இல்லை. நம் சந்தைக்கு வரும் சுறாவில் பெரும்பகுதி வேறு மீனுக்குப் போட்ட வலையில் கூடவே வந்து விழுவதுதான். ஆனால் வாங்குகிறவன் கேட்பதைத்தான் விற்கிறவர் கொண்டுவருவார். இது பொருளாதாரம் முதல் பாடம். அடுத்தமுறை கூடையில் குட்டிச் சுறாவைப் பார்த்தால், திருப்பிப் போட்டு வயிற்றைப் பாருங்கள். வடு ஆறியிருக்கவில்லை என்றால் பக்கத்துக் கூடை மத்தியைக் கேளுங்கள். விலையும் குறைவு.

டிஸ்கி: இந்தக் கட்டுரையை அம்மா படித்துவிட்டார். "நெத்திலி நல்லா வந்துச்சுன்னு ஒரு வார்த்த எழுதினியா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன். நன்றாக வந்தது.